சதவீதப் பிழை: எந்த எண்ணால் வகுக்க வேண்டும்?

மேசையின் நீளம் 150 செ.மீ. என்று மதிப்பிட்டீர்கள், அளந்தால் 160 செ.மீ. வந்தது, இப்போது 150-ஆல் வகுப்பதா, 160-ஆல் வகுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். 160-ஆல்தான். உண்மையான அளவோடு ஒப்பிடும்போது நாம் எவ்வளவு தவறினோம் என்பதுதான் கேள்வி, அதனால் அந்த அளவுதான் கீழே வரும்.

வித்தியாசம் 10. அதை 160-ஆல் வகுத்தால் 0.0625. நூறால் பெருக்கினால் 6.25 சதவீதம். தவறுதலாக 150-ஆல் வகுத்திருந்தால் ஏறத்தாழ 6.67 வந்திருக்கும். பார்க்கச் சின்ன வேறுபாடுதான். ஆனால் மதிப்பீடு ரொம்பத் தள்ளிப் போகும்போது இது பெரிதாகிவிடும்: உண்மை அளவு 100, நீங்கள் சொன்னது 50 என்றால் பிழை 50 சதவீதம், மாற்றி வகுத்தால் அதுவே 100 சதவீதம் ஆகிவிடுகிறது!

மைனஸ் குறியைப் பற்றிக் கவலை வேண்டாம். பொதுவாக அதை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுப்பார்கள். குறைத்து மதிப்பிட்டோமா, கூட்டி மதிப்பிட்டோமா என்பதும் தெரிய வேண்டுமென்றால், மதிப்பீட்டிலிருந்து உண்மை அளவைக் கழித்துக் குறியோடு வைத்துக்கொள்ளலாம், இங்கே −6.25.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. உண்மை அளவு பூஜ்யம் என்றால் இந்தக் கணக்கே செல்லாது, பூஜ்யத்தால் வகுக்க முடியாதே. செல்சியஸ் வெப்பநிலைக்கும் இதைப் போடாதீர்கள். 1 டிகிரியை 2 என்று சொன்னால் 100 சதவீதப் பிழை என்று வரும். அதையே கெல்வினில் (செல்சியஸ் அளவோடு ஏறத்தாழ 273 கூட்டினால் வரும் வெப்பநிலை அளவு) போட்டால் 0.36 சதவீதம்தான். அங்கே எத்தனை டிகிரி தவறினோம் என்று சொல்வதே சரி.