முடிவு தெரியாத கொலைகள், காணாமல் போனவர்களின் கதைகள் மக்களை ஏன் இவ்வளவு இழுக்கின்றன? இலங்கையின் வடக்கே, போர் நடந்த வன்னியிலும் அப்படித்தானா?

விடை தெரியாத கேள்வியை மனம் இலேசில் விடாது. 1888 இல் லண்டனில் ‘ஜாக் த ரிப்பர்’ செய்த கொலைகளை இன்றும் ஆட்கள் துருவுகிறார்கள். பயத்தைப் பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்க்கலாம், நாமும் துப்பறியலாம். அதில் பிழையில்லை.

வன்னியில் அந்தத் தூரம் இல்லை. போர் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவின் வட்டுவாகலில் பிள்ளையை, கணவனை இராணுவத்திடம் தாங்களே கையளித்ததாகவும் பிறகு அவர்களைக் காணவில்லை என்றும் சொல்லும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் போனவர்களைத் தேடித் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். கொட்டிலுக்குள் வரிசையாகப் படங்கள்: பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு பெடியன், கலியாண மாலையோடு இன்னொருவர். செத்தவீடும் செய்ய முடியாது, திவசமும் கொடுக்க முடியாது. இந்த நிலையை உளவியலாளர் பாலின் பாஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்கிறார்.

2023 ஜூனில் முல்லைத்தீவு மாவட்டக் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. பிறகு நடந்த அகழ்வில் 52 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. இப்படிச் செய்தி வரும்போது இங்கே பலர் தேடுவது கொலையாளியை அல்ல; தெரிந்த ஒரு சட்டைத் துணியை.

சரி, ஆர்வம் உதவாதா? உதவும். கலிபோர்னியாவில் பல்லாண்டு பிடிபடாத கொலையாளி 2018 இல் உறவினரின் மரபணு வழியாகச் சிக்கினான். ஆனால் யூடியூப்பில் ஊகம் சொல்லுமுன் குடும்பத்திடம் கேளுங்கள். கடைசியாகக் கண்ட இடம், போட்டிருந்த உடுப்பு, பழைய எலும்பு முறிவு, இவற்றை எழுதி வைக்க உதவினால் அடையாளம் காண அது பயன்படும்.