வரைபடம் பார்ப்பவர்களின் வேலை

கேள்வி: எல்லையில் ஜவான் உயிரைக் கொடுக்கிறான். தலைமையகத்தில் வரைபடமும் கோப்புமாக உட்கார்ந்திருக்கும் ஜெனரல் ஸ்டாஃப் அதிகாரிகளையும் துப்பாக்கியுடன் முன்னணிக்கு அனுப்பினால் என்ன? (ஒரு வாசகர், வேலூர்)

பதில்: அவர்கள் முன்னணியிலிருந்து வந்தவர்கள்தான். ரெஜிமென்டில் சில ஆண்டுகள், ஸ்டாஃப் பணியில் சில ஆண்டுகள் என்று மாறி மாறிப் பணியாற்றுகிறார்கள். குன்னூரை அடுத்த வெலிங்டன் ராணுவ ஸ்டாஃப் கல்லூரியில் அவர்கள் படிப்பதே இந்தப் பணிக்காகத்தான்: எத்தனை பேர், எந்த வழியில், எத்தனை நாளில், எவ்வளவு தோட்டாவோடும் உணவோடும் போய்ச் சேர முடியும்? முடியாதென்றால் அதை மேலிடத்தின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

1866இல் ஆஸ்திரியாவை எதிர்த்த பிரஷ்யப் (ஜெர்மானிய அரசு) படையை, அதன் ஸ்டாஃப் தலைவர் மோல்ட்கேயின் ஜெனரல் ஸ்டாஃப் ஐந்து ரயில் பாதைகளில் எல்லைக்குக் கொண்டுவந்தது. ஏழே வாரத்தில் போர் முடிந்தது. 1971 ஏப்ரலில், உடனே கிழக்கு வங்கத்துக்குள் நுழைய முடியாது, மழைக்காலம் வருகிறது, படை தயாரில்லை என்றார் ராணுவத் தலைமைத் தளபதி மானெக்‌ஷா. இந்திரா காந்தி ஏற்றார். மாதக்கணக்கில் நடந்த ஏற்பாட்டுக்குப் பிறகு, டிசம்பரில் 13 நாட்களில் டாக்கா வீழ்ந்தது.

நீங்கள் கேட்பது ஒருமுறை நடந்தும் இருக்கிறது. 1962இல், இன்றைய அருணாசலப் பிரதேச எல்லையிலுள்ள நம்கா சூ ஆற்றங்கரையில் சீனர்களை விரட்ட டெல்லி உத்தரவிட்டது. அதற்கு வேண்டிய பொருள்களைக் கணக்கிட்டுப் பார்த்த, அந்தப் பகுதியின் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் உம்ராவ் சிங், இவையில்லாமல் முடியாது என்று ஆட்சேபித்தார். கணக்கு தவறு என்று யாரும் நிரூபிக்கவில்லை. அவரிடமிருந்து அந்தப் பகுதியைப் பிரித்து, புதிய கோர் (பெரும் படைப்பிரிவு) ஒன்றை அமைத்து, தலைமையகத்தில் ஜெனரல் ஸ்டாஃபின் தலைவராக இருந்த பி.எம். கௌலையே தளபதியாக அனுப்பினார்கள். போரில் படை நடத்திய அனுபவம் அவருக்கு இல்லை. அந்தக் கணக்கைக் காத்து நின்றிருக்க வேண்டிய நாற்காலியிலிருந்து வந்தவர் அவர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

விமானத்திலிருந்து போட்ட மூட்டைகளில் பெரும்பகுதி பள்ளத்தாக்குகளில் விழுந்து வீணாயிற்று. பலரும் பருத்திச் சீருடையோடு அந்தக் குளிரில் நின்றார்கள். நோயுற்ற கௌல் டெல்லிக்குத் திரும்பினார். அக்டோபர் 20 அதிகாலை சீனர்கள் தாக்கினார்கள். ஜவான்கள் பின்வாங்காமல் சுட்டார்கள், தோட்டா தீர்ந்தது. சில மணி நேரத்தில் அங்கிருந்த 7-வது பிரிகேட் சிதறியது. அதன் தளபதி டால்வி சிறைபட்டார்.