எந்த இடத்தில் எது தகும் என்பதை நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

வீடு, அலுவலகம், நட்பு, பொது இடம் என்று இடத்துக்கு இடம் நடந்துகொள்ள வேண்டிய முறை மாறும்போது, எது தகும், எது தகாது என்று முடிவு செய்ய உங்களுக்கென்று ஓர் அளவுகோல் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒன்று இருக்கிறது. அது எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது என்றாலும், நான் குழம்பும் இடங்களில் பெரும்பாலும் கைகொடுக்கிறது.

நான் தில்லியில் மத்திய அரசு அமைச்சகம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் பணியாற்றுகிறேன். கணவர், மகள், மாமியார் ஆகியோருடன் லாஜ்பத் நகரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஊரில் வளர்ந்தபோது, “நாலு பேர் என்ன நினைப்பார்கள்?” என்ற ஒரு கேள்வியே எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்தது. இங்கே மாடியில் பஞ்சாபிக் குடும்பம், எதிர்வீட்டில் வங்காளிகள், அலுவலகத்தில் பக்கத்து மேசையில் பீகார்க்காரர் என்று இருக்கும்போது, ஒருவருக்கு மரியாதையாகத் தெரிவது மற்றவருக்கு விலகலாகத் தெரிகிறது. எனவே அந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்த இடத்தில் என்னிடம் “வேண்டாம்” என்று சொல்ல முடியாத நிலையில் இருப்பவர் யார், அவருக்கு வாய்விட்டுச் சொல்லும் வசதி இருந்தால் என்ன சொல்வார்?

முதலில் அலுவலகத்தை எடுத்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தில்லி அலுவலகங்களுக்கு ட்ரை ஃப்ரூட்ஸ் பெட்டிகள் வரத் தொடங்கிவிடும். சிவப்பு வெல்வெட் ஒட்டிய அட்டைப் பெட்டிக்குள் முந்திரி, பாதாம், பிஸ்தா, உலர்திராட்சை தனித்தனி அறைகளில் இருக்கும். மேலே கட்டிய ரிப்பனுக்கு அடியில் நிறுவனத்தின் விசிட்டிங் கார்டு செருகப்பட்டிருக்கும். அந்தக் கார்டைப் பார்த்தாலே போதும், பெட்டி எனக்காக வந்ததா, என் நாற்காலிக்காக வந்ததா என்பது விளங்கிவிடும். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 13ஆவது விதி பரிசுகளைப் பற்றியது. தற்செயலாகச் சேர்ந்து உண்ட உணவையும், வழியில் வண்டியில் ஏற்றிச் சென்றதையும், அதுபோன்ற சாதாரண உபசாரத்தையும் அது பரிசாகக் கருதுவதில்லை. ஆனால் அலுவல் தொடர்புள்ள நபரிடமிருந்தோ நிறுவனத்திடமிருந்தோ ஆடம்பரமான உபசாரத்தையும், அடிக்கடி நடக்கும் உபசாரத்தையும் தவிர்க்கச் சொல்கிறது. இந்த “அடிக்கடி” எனக்கு மிகவும் பிடித்த சொல். ஒருமுறை குடித்த தேநீர் உபசாரம்தான். அதே நபரின் தேநீர் ஒவ்வொரு வாரமும் வந்தால் அதற்கு வேறு பெயர் உண்டு என்பதை விதி எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

என் அளவுகோலின்படி பார்த்தால், பெட்டி அனுப்பிய ஒப்பந்ததாரர்கூட ஒரு வகையில் மறுக்க முடியாதவர்தான். போட்டி நிறுவனம் அனுப்பும்போது இவர் அனுப்பாமல் இருக்க முடியாது. நான் ஒருவரிடம் வாங்கினால், அடுத்த ஆண்டு மற்ற எல்லோர் மீதும் அந்தச் செலவைச் சுமத்துகிறேன். பெட்டியே கொடுக்க வசதியில்லாத சிறிய சப்ளையர் ஒருவர் தமது பில் ஏன் தாமதமாகிறது என்று யோசிக்க நேரும். அதனால் நான் வாங்குவதில்லை. கொண்டுவந்த பையனைத் திட்டாமல், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, திருப்பி அனுப்புகிறேன்.

அதே வாரத்தில் எங்கள் பிரிவின் கடைநிலை ஊழியர், தமக்குப் பேரன் பிறந்ததற்காக மோத்திசூர் லட்டு கொண்டுவந்து மேசைதோறும் கொடுத்தால், அதை மனமாரச் சாப்பிடுகிறேன். கையை நீட்டித் தடுத்து, “இதெல்லாம் எதற்கு?” என்று கேட்பதை அடக்கம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. தம் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளும் ஒருவரிடம், அவருடைய வருமானத்தை நான் கணக்குப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக்காட்டுவது போலாகிவிடும்.

அலுவலகத்தில் என்னை மிகவும் உறுத்துவது பிரிவு உபசார விழாவுக்கான வசூல். ஓய்வு பெறும் அதிகாரிக்காக ஒரு தாள் சுற்றி வரும். முதல் வரியிலேயே பெரிய அதிகாரியின் பெயரும் அவர் கொடுத்த தொகையும் எழுதப்பட்டிருக்கும். அதற்குக் கீழே ஒருவரும் அதிகம் குறைத்து எழுதத் துணிவதில்லை. ஒப்பந்த முறையில் சேர்ந்த டேட்டா என்ட்ரி ஆபரேட்டரும் அதே தாளில் கையெழுத்திட வேண்டியிருக்கும். அந்தத் தாளில் எழுதியிருக்கும் “விருப்பப்பட்டவர்கள்” என்ற வார்த்தைக்கு அங்கே பொருளே இல்லை. எங்கள் பிரிவில் இப்போது தாளுக்குப் பதிலாக ஒரு கவர் மேசைக்கு மேசை போகிறது. பெயரும் இல்லை, தொகையும் இல்லை. வெறும் கையோடு அடுத்தவருக்குத் தள்ளிவிட்டாலும் யாருக்கும் தெரியாது. வசூல் சற்றுக் குறைந்திருக்கிறது. குறைந்த தொகைக்குள் வாங்கிய சால்வை நன்றாகவே இருந்தது.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013இல் வந்த சட்டமும் இந்த வழியில்தான் யோசிக்கிறது என்பது என் கருத்து. செய்தவரின் மனத்தில் என்ன இருந்தது என்பதைவிட, அது எதிரில் இருந்த பெண்ணுக்கு விருப்பமில்லாததா என்பதே அதில் அடிப்படை. “விளையாட்டாகச் சொன்னேன்” என்பவர்கள் பெரும்பாலும் பதவியில் மேலே இருப்பவர்கள் என்பதைக் கவனித்தாலே காரணம் புரியும்.

இன்னொரு சிறு விஷயம், தில்லித் தமிழர்களுக்காக. எங்கள் தளத்தில் என்னைத் தவிர இன்னும் இரண்டு தமிழர்கள் இருக்கிறார்கள். கேன்டீனில் நாங்கள் தமிழில் பேசுவதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு நாலைந்து பேர் நிற்கும்போது இரண்டு பேர் மட்டும் தமிழுக்கு மாறுவது தகாது, மற்றவர்கள், “என்ன பேசுகிறீர்கள்?” என்று கேட்கவும் முடியாமல், நகரவும் முடியாமல் நிற்பார்கள். இந்தி தெரியாமல் வந்த நாள்களில் நான் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன்.

வீட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா, ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப்பில் பல ஆண்டுகள் குடியிருந்தவர். சுமார் 370 வீடுகள் இருந்த அந்தக் குடியிருப்பு, மழைக்காலத்தில் வாய்க்கால் அடைபடுவதைக் காரணம் காட்டிய உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. தகுதியுள்ளவர்கள் என்று பட்டியலில் இடம்பெற்றவர்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். நரேலா தில்லியின் வடகோடி. இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நடந்தே பத்து நிமிடத்தில் வந்துகொண்டிருந்தவர் இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறார். அக்கம்பக்கத்தில் பலர் உடனே வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுடைய அவசரமும் உண்மையானதுதான்.

நான் அவரிடம், “முன்னே மாதிரி ஏழு மணிக்கு வர முடியுமா அக்கா?” என்று கேட்டபோது, “வந்துடறேம்மா, அதுக்கென்ன?” என்றார். அந்தப் பதிலை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர் சொல்லும் சம்மதம் சம்மதமே அல்ல. ஏழு மணிக்கு இங்கே இருக்க வேண்டுமென்றால் அவர் விடியற்காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும். அந்த இருட்டில் பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்க வேண்டும். அதனால் நேரத்தைப் பதினொரு மணிக்கு மாற்றினோம். மாமியார் பகலில் வீட்டில் இருப்பதால் அது முடிந்தது. வாரத்தில் ஆறு நாளுக்குப் பதிலாக நான்கு நாள், சம்பளத்தில் குறைவில்லை. மற்ற நாள்களில் பாத்திரம் கணவர் பொறுப்பு. இதை உதவி என்று சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. இத்தனை ஆண்டுகள் அவர் அருகில் இருந்த வசதியை அனுபவித்தவர்கள் நாங்கள். தூரம் வந்ததும் அதன் பாரம் முழுவதையும் அவர் தலையில் மட்டும் வைப்பது தகாது.

பழைய துணி, மீந்த பலகாரம் கொடுக்கும்போதும் மறுப்பதற்கு இடம் விட்டுத்தான் கொடுக்கிறேன். “எடுத்துட்டுப் போங்க” என்றால் அவர் வேண்டாததையும் பஸ்ஸில் சுமந்துகொண்டு போவார். “வேணும்னா பாருங்க அக்கா, இல்லேன்னா கோயில்ல கொடுத்துடறேன்” என்றால், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

நண்பர்களிடம் இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் தேவையில்லை. இருவரும் சமமாக இருக்கும் இடத்தில் கேலியும் உரிமையும் சண்டையும் எல்லாமே தகும். பிடிக்காவிட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள். கடன் கொடுத்த பிறகு மட்டும் கவனம் வேண்டும், ஏனென்றால் வாங்கியவர் அதன் பிறகு பழையபடி மறுத்துப் பேச மாட்டார். தொழில்முறையில் உதவக்கூடிய நண்பர்களும் அப்படியே. ஆர்.கே. புரம் மலை மந்திரில் தரிசனம் முடித்துப் பிரசாதத்தோடு நிற்கும் டாக்டர் ஒருவரிடம் செல்பேசியைத் திறந்து ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் காட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் சங்கடப்படுகிறது. சந்நிதி வாசலில் அவரால் எப்படி மறுக்க முடியும்? கிளினிக்குக்குப் போய், டோக்கன் வாங்கி, கட்டணம் கொடுத்துப் பார்ப்பதுதான் அவருடைய அறிவுக்குத் தரும் மரியாதை.

இந்த அளவுகோல் உதவாத இடங்களும் உண்டு. பங்களா சாகிப் குருத்வாராவுக்குள் தலையை மூடிக்கொண்டு போக வேண்டும். துக்க வீட்டில் அந்த வீட்டாரின் வழக்கப்படி நடக்க வேண்டும். அங்கெல்லாம் ஆராய்ச்சி வேண்டாம், அவர்கள் இடம், அவர்கள் முறை.

எனக்கு உண்மையில் கடினமாக இருப்பது பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் விஷயம்தான். வீட்டில் மறுக்க முடியாதவர் அவள். ஆனால் அவளைக் காக்க வேண்டிய பொறுப்பும் எனக்கு இருப்பதால், அவள் “வேண்டாம்” என்று சொல்லும் எல்லாவற்றையும் ஏற்க முடியாது. அவளுடைய மதிப்பெண்களையும் படங்களையும் அவளைக் கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை. மாமியாருக்கு இதில் வருத்தம் உண்டு, பேத்தியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அவருக்கும் ஆசைதானே. அவள் செல்பேசியை அவளுக்குத் தெரியாமல் நான் திறப்பதில்லை. கவலைப்படும்படி ஏதாவது தோன்றினால் அவளை உட்கார வைத்துக்கொண்டு, அவள் எதிரிலேயே கேட்பேன் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறேன். இரவு பத்து மணிக்குமேல் எல்லோருடைய செல்பேசியும், என்னுடையதும் சேர்த்து, ஹாலில்தான் இருக்கும். தேர்வுக் காலத்தில் தோழிகளிடம் சந்தேகம் கேட்க அது போதாது என்று அவள் வாதாடியதால், அந்த வாரங்களுக்கு மட்டும் பதினொன்று என்று மாற்றியிருக்கிறோம்.