'கோ'வின் இறந்தகாலம் 'வென்ட்' ஆனது எப்படி?

வணக்கம். ஆறாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள், "ஆங்கிலத்தில் 'கோ' (go) எப்படி 'வென்ட்' (went) ஆகிறது? ஓர் எழுத்துகூட ஒட்டவில்லையே" என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மிக நல்ல கேள்வி. "மனப்பாடம் செய்" என்று சொல்லி அதை அடக்கிவிடாதீர்கள்.

அவை உண்மையில் இரண்டு வெவ்வேறு வினைகள். 'வெண்ட்' (wend) என்று ஒரு பழைய வினை இருந்தது. திரும்புதல், வழியே செல்லுதல் என்று பொருள். 'செண்ட்' (send) கடைசி ஒலி வலித்து 'சென்ட்' (sent) ஆவது போலவே அதன் இறந்தகாலம் 'வென்ட்'. 'கோ'வுக்கோ பழைய ஆங்கிலத்தில் 'ஏயொடெ' என்ற இறந்தகாலம் இருந்தது; அதுவும் வேறு வேரிலிருந்து வந்ததுதான்! 1500 வாக்கில் தென் இங்கிலாந்தில் அதை ஒதுக்கிவிட்டு 'வென்ட்' அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. சொல்லைப் பறிகொடுத்த 'வெண்ட்' தனக்கென 'வெண்டட்' என்று புதிதாக ஒன்றை அமைத்துக்கொண்டது.

'ஆம்', 'வாஸ்', 'பீ' மூன்றும் இப்படி வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து சேர்ந்தவையே. அன்றாடம் புழங்கும் சொற்களில்தான் இந்தக் கலப்பு நிலைக்கிறது.

'கான்' (gone) மட்டும் 'கோ'வின் சொந்தப் பிள்ளை. அதனால் 'ஹேவ்' வந்தால் 'கான்'தான் வரும், 'வென்ட்' வராது. இன்னொன்றையும் சொல்லிக்கொடுங்கள்: 'ஹி ஹாஸ் கான் டு மதுரை' என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை, 'ஹி ஹாஸ் பீன் டு மதுரை' என்றால் போய் வந்துவிட்டார்.