எடின்பரோவை முந்தும் மாஸ்கோ: ஐரோப்பிய வசந்தம் பற்றிய உங்கள் கேள்விகள்

மார்ச் பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: ஐரோப்பாவில் வசந்தம் வந்துவிட்டதா? எந்த ஊரில் என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். வானிலைத் துறைகள் கணக்கு வசதிக்காக மார்ச் 1 முதல் மே 31 வரை வசந்தம் என்று வைத்துக்கொள்கின்றன. சுவீடனில் அப்படியில்லை. பகலும் இரவும் சேர்ந்த சராசரி வெப்பநிலை தொடர்ந்து ஏழு நாள் பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால்தான் ஓர் ஊருக்கு வசந்தம் வந்ததாக அங்கே சொல்வார்கள். எனக்கு இந்த முறைதான் சரியென்று படுகிறது, ஏனென்றால் அந்த ஒரு நாட்டிலேயே தென்கோடிக்குப் பிப்ரவரி கடைசியில் வருகிற வசந்தம் வடக்கு மலைகளுக்குப் போய்ச் சேர மே ஆகிவிடும்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஏப்ரல் நடுவில் ரோம், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் போகிறோம். வயதான அம்மாவும் வருகிறார். ஆளுக்கொரு ஸ்வெட்டர் போதுமா?

போதாது. ரோமில் பகல் வெப்பநிலை 19, 20 டிகிரி இருக்கும், பாரிஸில் 16, ஆம்ஸ்டர்டாமில் 13 அல்லது 14. ஆனால் இதெல்லாம் மதியம் கடந்த நேரத்துக் கணக்கு. நீங்கள் காலை எட்டு மணிக்கு டிராமுக்காக நிற்கும்போது ஆம்ஸ்டர்டாமில் 5, 6 டிகிரிதான் இருக்கும், கடல் காற்று வேறு. அதனால் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் ஆளுக்கொன்று, உள்ளே கழற்றி மாட்ட வசதியாக இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள். அம்மாவுக்குக் காதை மூடும் குல்லா கட்டாயம். டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் ரோமை முதலில் வைத்து ஆம்ஸ்டர்டாமைக் கடைசியில் வையுங்கள், ஏப்ரலில் ஒரு வாரம் தள்ளிப்போனாலே வித்தியாசம் தெரியும்.

கேள்வி (எடின்பரோ): மாஸ்கோவில் படிக்கும் என் தம்பி மே மாதம் டி-ஷர்ட்டில் படம் அனுப்புகிறான், நான் இங்கே கோட்டோடு அலைகிறேன். ரஷ்யாதானே குளிர் நாடு?

தம்பி அனுப்பும் படம் உண்மைதான். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, 56 டிகிரி வடக்கை ஒட்டியவை. மார்ச் சராசரி எடின்பரோவில் 6 டிகிரி, மாஸ்கோவில் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே. ஏப்ரலில் 8, 7 என்று நெருங்கி வந்துவிடும். மே மாதம் எடின்பரோ 11-இல் நிற்க, மாஸ்கோ 13-ஐத் தாண்டிவிடும்.

காரணம் கடல். கடல் மெதுவாகச் சூடாகும், மெதுவாகக் குளிரும். குளிர்காலம் முழுக்க உங்களைக் காப்பாற்றிய அதே கடல், வசந்தத்தில் உங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வட கடல் தன் உச்சக் குளிருக்கு வருவதே பிப்ரவரி, மார்ச்சில்தான். அதன்மேல் கிழக்கிலிருந்து கொஞ்சம் இதமான காற்று வந்தால், அது குளிர்ந்து மூடுபனியாகி அப்படியே ஊருக்குள் நுழைந்துவிடும். எடின்பரோக்காரர்கள் 'ஹார்' என்று சொல்வது இதைத்தான். அன்றைக்கு ரயிலேறி கிளாஸ்கோ பக்கம் போய்ப் பாருங்கள், அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்க நல்ல வாய்ப்புண்டு. மேற்கு ஸ்காட்லாந்தின் பல இடங்களுக்கு வருடத்திலேயே வெயில் அதிகமான மாதம் மேதான்.

மாஸ்கோவில் கதை வேறு. பனி கிடக்கும்வரை வருகிற வெயிலில் பெரும்பகுதி எதிரொளித்துத் திரும்பிவிடும், மீதி பனியை உருக்கவே செலவாகும். பனி போனதும் வெறும் மண் சரசரவென்று சூடேறும். நடுவில் சில வாரம் ஊர்ப்புறச் சாலைகள் முழுக்கச் சேறு. தம்பி அதைப் படமெடுத்து அனுப்பியிருக்க மாட்டார்.

கேள்வி (ஸ்டுட்கார்ட்): கறிவேப்பிலைச் செடியை எப்போது பால்கனியில் வைக்கலாம்? போன வருடம் ஏப்ரலில் வெயிலைப் பார்த்து வைத்தேன், கருகிப்போனது.

இந்தக் கேள்வி வருடா வருடம் வருகிறது, ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டமாக இருக்கிறது, அந்தச் செடியை வளர்த்தெடுக்க எத்தனை பாடு என்று தெரியும். பகல் வெயிலைப் பார்க்காதீர்கள், இரவைப் பாருங்கள். இரவு 10 டிகிரிக்குக் கீழே போகிற காலம் முழுக்கக் கறிவேப்பிலை உள்ளேயே இருக்கட்டும். இன்னொன்று, போனில் காட்டும் வெப்பநிலை தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் எடுப்பது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையை ஒட்டி அதைவிட மூன்று நான்கு டிகிரி குறைந்துவிடும். ஆப் 3 டிகிரி என்று காட்டுகிற காலையிலேயே புல்லில் வெள்ளையாக உறைபனி பூத்திருப்பது அதனால்தான்.

ஜெர்மன் தோட்டக்காரர்கள் மே 11 முதல் 15 வரை ஐந்து புனிதர்களின் நாட்களைக் கணக்கு வைத்திருக்கிறார்கள், கடைசி ஆள் 'குளிர் சோஃபி'. அவர் போன பிறகுதான் தக்காளி நாற்று வெளியே வரும். சரியாக அந்த ஐந்து நாளில்தான் குளிரும் என்று விதியில்லை, ஆனால் மே நடுவரை உறைபனி வரலாம் என்பது அனுபவத்தில் வந்த கணக்கு. தக்காளிக்கு அது போதும், கறிவேப்பிலைக்கு மே கடைசிவரை பொறுங்கள். எடுத்தவுடன் முழு வெயிலிலும் வைக்க வேண்டாம், முதல் வாரம் சுவரோரமாக நிழலில் இருக்கட்டும்.

கேள்வி (கொலோன்): ஒரே நாளில் வெயில், ஆலங்கட்டி, பனி, மறுபடி வெயில். ஏப்ரலில் மட்டும் ஏன் இப்படி?

ஏப்ரல் நடுவில் சூரியனின் உயரம் ஆகஸ்ட் கடைசியில் இருக்கும் அளவுதான், அதனால் தரை நன்றாகச் சூடாகிறது. ஆனால் வடமேற்கிலிருந்து வரும் காற்று இன்னும் ஆர்க்டிக் குளிரோடுதான் வருகிறது. கீழே சூடு, மேலே கடுங்குளிர், அதனால் காற்று மளமளவென்று எழும்பி மேகமாகிக் கொட்டிவிட்டுப் போகிறது. காலையில் தெளிவாக இருக்கும், பதினொரு மணி வாக்கில் மேகம் திரளும், பொழுது சாய்ந்ததும் அடங்கும். வெளி வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (டிஜோன்): பூமி சூடாகிறது என்கிறார்கள், அப்படியானால் திராட்சைத் தோட்டங்களில் உறைபனிச் சேதம் குறைய வேண்டாமா?

நியாயமான சந்தேகம். 2021-ஐ எடுத்துக்கொள்வோம். மார்ச் கடைசியில் பிரான்சின் பல இடங்களில் 25 டிகிரிக்கு மேல் போனது, கொடிகள் துளிர்த்துவிட்டன. ஒரே வாரத்தில் வடக்கிலிருந்து குளிர் இறங்கி, ஏப்ரல் 7, 8 இரவுகளில் சில தோட்டங்களில் மைனஸ் 5 வரை போனது. உறங்கும் மொட்டு மைனஸ் 15-ஐக்கூடத் தாங்கும், துளிர்த்த பிறகு மைனஸ் 2 போதும், போய்விடும். குளிர்காலம் இதமாகி, துளிர் சீக்கிரம் வருகிறது. உறைபனி இரவுகள் அதே வேகத்தில் விலகவில்லை. ஆபத்து அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

உங்கள் பக்கத்திலேயே ஷாப்லியில் இரவெல்லாம் வரிசை வரிசையாக மெழுகு நிரப்பிய தகரங்களைக் கொளுத்தி வைப்பார்கள். சிலர் கொடிமீது தண்ணீர் தெளிப்பார்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது, அதனால் பனிக்கட்டிக்குள் இருக்கும் துளிர் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். காலையில் உருகும்வரை தெளிப்பதை நிறுத்தக்கூடாது. நடுவில் நின்றால் தெளிக்காமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும்.

கேள்வி (ஆஸ்லோ): ஏப்ரல் கடைசியில் ட்ரோம்சோ போகிறோம். பனி இருக்குமா?

நிறையவே. நார்வேயின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கும் ட்ரோம்சோவில் பதிவான அதிகபட்சப் பனி உயரம் 240 சென்டிமீட்டர், நாள் 1997 ஏப்ரல் 29. வெளிச்சமோ கோடை போல, இரவு முழுசாக இருட்டாது. குழந்தைகளுக்கு நல்ல கூலிங் கிளாஸும் சன்ஸ்கிரீனும் மறக்க வேண்டாம், பனியில் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தைச் சுட்டுவிடும்.

கேள்வி (ஏதென்ஸ்): வானம் ஆரஞ்சு நிறமாகிறதே, பயப்பட வேண்டுமா?

சகாரா தூசி. வசந்தத்தில் வட ஆப்பிரிக்காவை ஒட்டிப் போகும் காற்றழுத்தத் தாழ்வுகள் கிளப்பி விடுவது. 2024 ஏப்ரல் 23-இல் ஊரே செவ்வாய்க் கிரகம் போல ஆனதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள், துணியை வெளியே காயப்போட வேண்டாம்.

கேள்வி (லிஸ்பன்): ஸ்பெயினின் ஹெர்தே பள்ளத்தாக்கில் செர்ரி பூப்பதைப் பார்க்க நினைத்தோம், ஏப்ரல் நடுவாகிவிட்டது. அவ்வளவுதானா?

ஹெர்தேயின் அடிவாரத்தில் முடிந்திருக்கும். மேலே ஏறினால் கொஞ்சம் மிச்சமிருக்கலாம், உயரம் கூடக்கூடப் பூ தாமதமாகும். இல்லையென்றால் வடக்கே கிளம்புங்கள்: ஹாம்பர்க் பக்கம் ஆல்டஸ் லாண்டில் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் செர்ரியும் ஆப்பிளும் பூக்கும், நார்வேயின் ஹார்டாங்கர் கரைகளில் மே நடுவில். ஹார்டாங்கருக்குப் போகும் வழியில் பெர்கன் வரும், மழைக்குப் பேர்போன ஊர், ஆனால் அங்கே மழை கொட்டுவது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான், மே மாதம் ஓரளவு நம்பிப் போகலாம்.