ஆலயத்துக்கு வராதவர்களின் வாசலில்

கேள்வி: எங்கள் தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தில் கிறிஸ்துமஸ் அன்றும் அசனம் என்னும் சபை விருந்தன்றும் நிற்கக்கூட இடமிருக்காது, மற்ற ஞாயிறுகளில் பாதி ஆலயம் காலியாகவே கிடக்கிறது. வாலிபர் ஐக்கியத்தார் வீடுவீடாகத் துண்டுப்பிரதி கொடுத்தும் பயனில்லை. வராதவர்களை வரவழைக்க என்ன வழி?
– வாசகி ஒருவர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, ‘வரவழைக்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். லூக்கா 15ஆம் அதிகாரத்து மேய்ப்பன் தொழுவத்தின் வாசலில் நின்று கூப்பிடவில்லை; தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைக் கண்டுபிடிக்கும்வரை தேடித் திரிந்தான். ஆகவே, அவர்கள் ஏன் வருவதில்லை என்பதை அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டறிவதுதான் முதல் வேலை.

நான் ஆயராக இருந்த ஒரு சேகரத்தில் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி), பீடி சுற்றிப் பிழைத்த விதவைத் தாயார் ஒருவர் நான்கு ஆண்டுகளாக ஆராதனைக்கு வரவில்லை. விசுவாசம் தளர்ந்துவிட்டது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். நேரில் சென்று பேசியபோது, “சங்கக் காணிக்கை பாக்கி நிக்குது ஐயா, எந்த முகத்தோட வர?” என்றார். சபையார் ஆலயத்துக்குச் செலுத்த வேண்டிய சந்தாவைத்தான் அப்படிச் சொன்னார். பாக்கிப் பட்டியலை ஆலயச் சுவரில் ஒட்டியவர்கள் நாங்கள்தான். அவர் ஒவ்வொரு இரவும் தவறாமல் ஜெபித்து வந்திருக்கிறார் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்த ஒன்றை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆலயத்துக்கு வெளியே பிரசங்கிப்பதை முறைகேடாகக் கருதி வந்த, மெதடிஸ்டு இயக்கத்தின் முன்னோடியான ஜான் வெஸ்லி, 1739 ஏப்ரல் 2 அன்று அந்தத் தயக்கத்தை விட்டு, அந்நகருக்கு அருகே திறந்தவெளியில் பிரசங்கித்தார். இதைப் பலரும் அறிவர். எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1742இல் நடந்தது. அந்நகரில் வெஸ்லியைப் பின்பற்றியவர்களின் கூடுகை மண்டபத்தின் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பதென்று முடிவானபோது, பலருக்கு அதுவும் இயலாது என்ற பேச்சு எழுந்தது. அப்போது ஒருவர், மிக ஏழைகளான பதினொருவரைத் தம்மிடம் ஒப்படைக்கும்படியும், அவர்களால் முடியாததைத் தாமே கொடுத்துவிடுவதாகவும் முன்வந்தார். பன்னிரண்டு பேருக்கு ஒருவராக வாரந்தோறும் வீடுகளுக்குச் சென்றவர்கள், பணம் வாங்கப்போன இடத்தில் நோயையும் குடும்பச் சண்டையையும் மனச்சோர்வையும் கண்டார்கள். அந்தச் சந்திப்பே பின்பு மெதடிஸ்டு சபைகளின் ‘வகுப்புக் கூட்டம்’ என்னும் சிறு குழுச் சந்திப்பாக வளர்ந்தது.

உங்கள் சபையிலும் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒருவரை நியமியுங்கள். அவர் ரசீதுப் புத்தகமும் துண்டுப்பிரதியும் இல்லாமல் செல்லட்டும். படியேற முடியாத முதியவர்கள் இருந்தால் ஆயரிடம் சொல்லித் திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும் வீட்டுக்கே கொண்டுவரச் செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமையும் கடையில் நிற்க வேண்டிய பிள்ளைகளுக்காக வார நாளில் ஒரு மாலை ஜெபக்கூட்டத்தை ஒழுங்கு செய்யலாம். பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரைப் பொதுவில் வாசிக்கும் வழக்கம் உங்கள் ஆலயத்தில் இருக்குமானால், சேகரக் கமிட்டியிடம் பேசி அதை முதலில் நிறுத்துங்கள். அது தொடரும்வரை மற்ற முயற்சிகள் பலன் தரா.

முதல் சில சந்திப்புகளில் “ஏன் ஆலயத்துக்கு வருவதில்லை?” என்ற கேள்வியை யாரும் கேட்க வேண்டாம். அந்தத் தாயாரிடம் நான் கேட்டது, “கைவலி எப்படி இருக்கிறது அம்மா?” என்று மட்டுமே, மீதியை அவரே சொன்னார்.