பால் ஹெட்டும் ட்ரைபாடும் சேரவில்லையா?

வணக்கம் நண்பரே. கானாடுகாத்தான் வீடுகளைப் படமெடுக்க வாங்கிய பழைய பால் ஹெட் (கேமராவை எந்தப் பக்கமும் சாய்த்து நிறுத்த உதவும் உருண்டை மூட்டுத் தலை), உங்கள் ட்ரைபாட் (கேமரா முக்காலி) திருகில் பிடிக்காமல் லொடலொடவென்று ஆடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டிலும் பழுது இருக்காது, அளவுதான் வேறு. ஹெட்டின் அடியில் 3/8 அங்குல ஓட்டை, ட்ரைபாடில் நிற்பது 1/4 அங்குலத் திருகு.

முதலில் ட்ரைபாடின் மேல்தட்டைக் கழற்றிப் பாருங்கள். சில மாடல்களில் அந்தத் திருகைத் திருப்பிப் போட்டால் மறுமுனை 3/8 ஆக இருக்கும், செலவே இல்லை. இல்லையென்றால் ரெடியூசர் புஷ் வாங்குங்கள். வெளியே 3/8, உள்ளே 1/4 மரை உள்ள சின்ன வளையம் அது. ஹெட்டின் ஓட்டைக்குள் கையால் திருகி, கடைசியில் ஒரு காசை வைத்து விளிம்புக்கு மட்டமாக இறுக்குங்கள். துளி துருத்தினாலும் ஹெட் தட்டில் படியாது, ஆட்டமும் போகாது.

காரைக்குடி ஹார்டுவேர் கடையில் "கிட்டத்தட்ட இதே அளவுதான்" என்று எம்6 போல்ட் (6 மி.மீ. மெட்ரிக் அளவு) கொடுத்தால் தயவுசெய்து வேண்டாம். 1/4 திருகு 6.35 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.27 மி.மீ.; எம்6-இல் அது 1 மி.மீ. இரண்டு சுற்றில் இறுகிவிட்டது போலத் தோன்றும். அப்புறம் அழுத்தினால் புஷ்ஷின் மரை மழுங்கிப்போகும், புஷ்ஷே வீண்.

இன்னொன்று, ட்ரைபாடில் கூர்முனைக் கால் இருந்தால் உள்ளே இழுத்துவிட்டு ரப்பர் காலில் நிறுத்துங்கள். ஆத்தங்குடி கல் பதித்த தரையில் கீறல் விழுந்தால் மனசு தாங்காது.